ஓ-நெட் ஆர்வத் தேர்வு: இசை, ஓவியம் பிடித்தவர்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பாட்டும் படமும் பிடிக்கும், எந்த வேலைக்குப் போவது என்று குழம்புகிறவர்களுக்குத் தொழில் ஆலோசகர்கள் முதலில் கையில் கொடுப்பது ஏதாவது ஓர் ஆர்வத் தேர்வாகத்தான் இருக்கும். அந்த வகையில் காசில்லாமல் கிடைப்பவற்றில் நம்பகமானது, அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் நடக்கும் ஓ-நெட் ஆர்வத் தேர்வு. 'மை நெக்ஸ்ட் மூவ்' தளத்தில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும்தான் செய்யலாம், தமிழில் இல்லை. ஆனால் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு வரிதான் என்பதால் பள்ளி ஆங்கிலமே போதும்.

அடிப்படை, உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாடு. மனிதர்களின் வேலை ஆர்வத்தை ஆறாகப் பிரிக்கிறது: கைவேலை, ஆய்வு, கலை, சமூகம், முனைவு (தொழில் நடத்துவது, பிறரை வழிநடத்துவது), ஒழுங்கு (கணக்கு, ஆவணம் போன்ற முறைப்படியான வேலை). தேர்வில் 60 கேள்விகள், பிரிவுக்குப் பத்து. ஒவ்வொன்றும் ஒரு வேலை. அது அறவே பிடிக்காது, பிடிக்காது, தெரியவில்லை, பிடிக்கும், மிகவும் பிடிக்கும் என்ற ஐந்தில் ஒன்றைத் தட்ட வேண்டும். மதிப்பெண் 0 முதல் 4 வரை. ஆகவே ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் 40. ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

இசைப் பிரியர்கள் இடறும் இடம் கலைப் பிரிவுதான். அதன் பத்துக் கேள்விகளையும் எடுத்துப் பாருங்கள். வாத்தியம் வாசிப்பது, இசையமைப்பது, இசைக்குழுவில் பாடுவது: இசைக்கு மூன்று. படம் வரைவது, நாடக அரங்குக்கு வண்ணம் தீட்டுவது: ஓவியத்துக்கு இரண்டு. புத்தகமோ நாடகமோ எழுதுவது, திரைக்கதை எழுதுவது: எழுத்துக்கு இரண்டு. படத்தொகுப்புக்கு ஒன்று, சிறப்புக் காட்சி விளைவுகளுக்கு ஒன்று, நடனத்துக்கு ஒன்று. அந்த நடனக் கேள்வியும் ஜாஸ், டேப் என்று மேற்கத்திய ஆட்டங்களைப் பெயர் சொல்லியே கேட்கிறது. ஆடுவது பிடிக்குமா என்று மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

கணக்கு என்ன ஆகிறது? இசையே மூச்சாக இருந்து மற்ற கலைகளில் நாட்டமில்லாத ஒருவர் மூன்று கேள்விக்கு 12 வாங்குவார். மீதி ஏழுக்கும் 'பிடிக்காது' போட்டால் இன்னொரு 7. மொத்தம் 19. எதிலும் ஆழமாக இறங்காமல் பத்துக்கும் 'பிடிக்கும்' என்று தட்டுகிறவருக்கோ 30. ஓவியரின் நிலை இன்னும் மோசம்: இரண்டு கேள்விக்கு 8, மற்ற எட்டுக்கு 8, ஆக 16. இந்த எண்ணைப் பார்த்து 'எனக்குக் கலை ஒத்துவராது போல' என்று முடிவு கட்டினால் அது தவறு. தேர்வு அளப்பது கலைத்துறை முழுவதிலும் உள்ள பரந்த ஆர்வத்தை. ஒரே கலையில் உள்ள பித்தை அளக்க அதனிடம் கருவி கிடையாது. அதனால் கேள்விக்குக் கேள்வி உங்கள் பதிலை ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். கடைசியில் கிடைக்கும் மொத்தத்தைவிட அந்தத் தாள்தான் அதிகம் பேசும்.

இன்னொரு கோளாறு நம் பக்கம் இருக்கிறது. பாட்டுக் கேட்பது பிடிக்கும் என்பதற்காக 'வாத்தியம் வாசிப்பது' கேள்விக்கு 4 போட்டுவிடுகிறோம். கேட்பதைப் பற்றி இத்தேர்வு ஒரு கேள்வியும் கேட்கவில்லை; செய்வதைத்தான் கேட்கிறது. சரியாக வரும்வரை ஒரே நான்கு வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு 4 போடலாமா என்று யோசியுங்கள். அதே நேரம் படிப்பு இருக்கிறதா, சம்பளம் வருமா என்ற கவலையை இங்கே கொண்டுவரக் கூடாது. தேர்வின் அறிவுறுத்தலே அதைச் சொல்கிறது. அந்தக் கவலைக்கான இடம் பிறகு வரும்.

இத்தேர்வின் உண்மையான பலன், கலைக்கு அடுத்து உங்களுக்கு அதிக மதிப்பெண் வரும் பிரிவில் இருக்கிறது. கலை ஆர்வம் இருப்பது உங்களுக்கே தெரியும், அதைச் சொல்ல 60 கேள்வி வேண்டாம். அதோடு எது சேர்கிறது என்பதுதான் கலையுலகில் உங்கள் இடத்தைக் காட்டும். கைவேலை சேர்ந்தால் ஒலிப்பதிவு, வாத்தியம் பழுதுபார்த்தல், சுருதி சேர்த்தல். சமூகம் சேர்ந்தால் கற்பித்தல், இசைச் சிகிச்சை, ஓவியச் சிகிச்சை. முனைவு சேர்ந்தால் கலைஞர்களுக்கு ஒப்பந்தம் பேசும் மேலாளர் வேலை, நிகழ்ச்சித் தயாரிப்பு. ஒழுங்கு என்றால் ஆவணக் காப்பகம், உரிமத் தொகை நிர்வாகம். ஆய்வு என்றால் ஒலியியல், இசையியல்.

இங்கும் கவனம் தேவை. கைவேலைப் பிரிவில் மின்னணு உதிரிபாகம் பொருத்துவதும் உண்டு. செங்கல் பதிப்பது, லாரி ஓட்டுவது, காட்டுத்தீ அணைப்பது, பொரிப்பகத்தில் மீன் வளர்ப்பதும் உண்டு. ஒலிப்பொறியாளராகக் கூடியவருக்கு மீனைப் பற்றி என்ன கவலை? மொத்தம் குறைந்துதான் போகும். உதிரிபாகம் பொருத்துவது, இயந்திரம் இயக்குவது, வீட்டுச் சாதனம் பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு உங்கள் பதில் 3, 4 என்று இருந்தால், மொத்தம் 15 ஆனாலும் அந்தத் திசையைக் கைவிட வேண்டாம். ஆறு பிரிவுகளுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் மட்டும் முடிவை ஒதுக்கிவையுங்கள். பெரும்பாலும் 'தெரியவில்லை'யை அதிகம் தட்டியிருப்பீர்கள்.

மதிப்பெண்ணுக்குப் பிறகு ஆயத்த மண்டலம் கேட்கும், 1 முதல் 5 வரை. எவ்வளவு படிப்பும் பயிற்சியும் தேவை என்பதன் அளவு அது. 4 பெரும்பாலும் பட்டப்படிப்பு கேட்கும் வேலைகள், 5 அதற்கும் மேல். இன்றைய தகுதியைப் போட்டு நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. போகத் தயாராக உள்ள உயரத்தையும் போட்டு இன்னொரு பட்டியல் எடுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கும்.

பட்டியலில் மூன்று வேலைகளைத் தேர்ந்து, வேலைகளை விவரிக்கும் ஓ-நெட் ஆன்லைன் தளத்தில் அவற்றின் 'பணிகள்' பகுதியைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். வேலையின் பெயரில் மயங்கியவர்களுக்கு அந்தப் பகுதிதான் மருந்து. பாதிக்கு மேற்பட்ட வரிகள் அலுப்பூட்டினால் அந்த வேலையை அடித்துவிடலாம். சம்பளமும் வேலைவாய்ப்புக் கணிப்பும் அமெரிக்காவுக்கானவை. வேறு எங்கிருந்து பார்த்தாலும் அந்தப் பத்திகளைத் தாண்டிவிடுங்கள், உங்கள் ஊர் நிலவரத்தை அத்துறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

திறமையை இத்தேர்வு தொடுவதே இல்லை. குரல் எப்படி, கோடு எப்படி என்பதற்கு ஆசிரியர் காது வேண்டும், கண் வேண்டும். 30 கேள்விச் சிறு வடிவமும் உண்டு, ஆனால் அதில் கலைக்கு ஐந்தே கேள்வி. மேலே சொன்ன கணக்கு அதில் இன்னும் சறுக்கும். நேரமில்லை என்றாலும் 60ஐயே செய்யுங்கள். கலைப் பிரியர்களுக்கு என் மதிப்பீடு: ஐந்துக்கு மூன்றரை. கேள்விவாரியாகக் குறிப்பெடுக்கிறவர்களுக்கு மட்டும் நான்கு.