கேனா, ஆர்.ஓ.வா, காவிரிக் குழாயா: எங்கள் வீட்டுத் தண்ணீர்க் கணக்கு

வேலூர் சத்துவாச்சாரியில், முதல் மாடியில் ஐந்து பேராக வசிக்கிறோம். குடிப்பதற்குக் கேன் தண்ணீரைத் தொடர்வதா, நீரிலுள்ள உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவதா, வாசல் குழாயில் வரும் காவிரி நீரையே கொதிக்கவைத்துக் குடிப்பதா என்ற கேள்வி சென்ற கோடையில் எழுந்தது. ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் இழுத்தது.

முதல் கணக்கைப் போட்டவர் என் கணவர். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 லிட்டர் என்றால், 20 லிட்டர் கேன் மாதத்துக்கு 22, ஒன்று 35 ரூபாய் வீதம் 770, ஐந்தாண்டுகளில் 46,200. இயந்திரமோ 14,000 ரூபாய், இரண்டாம் ஆண்டிலிருந்து வடிகட்டி மாற்றும் செலவு ஆண்டுக்கு 4,500, ஆக மொத்தம் 32,000. ஆர்.ஓ. வென்றுவிட்டது என்று தாளை மடித்து வைத்தார்.

அத்தை காலண்டரை எடுத்து வந்து காட்டினார். கேன் வந்த நாள்களில் அவர் பென்சிலால் போட்டிருந்த கோடுகள் எந்த மாதத்திலும் பதினான்கைத் தாண்டவில்லை. அப்படியானால் ஐந்தாண்டுச் செலவு 29,400தான், இயந்திரத்தைவிடக் குறைவு. மீதித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது: சமையல் முழுவதும் காவிரி நீரில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் துவரம்பருப்பு ஐந்து விசில் வைத்தாலும் முத்து முத்தாகவே நிற்கும், காவிரி நீரில் மூன்று விசிலில் குழைந்துவிடும். கடின நீரிலுள்ள கால்சியம் பருப்பை இளக விடாது என்று நான் படித்ததை, அவர் குக்கரிலேயே கண்டறிந்திருக்கிறார்.

ஆர்.ஓ.வைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியக் குடிநீர்த் தரம்; வேறு நீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். எங்கள் கிணற்று நீரை மீட்டரில் பார்த்தபோது 1,400 காட்டியது. அந்த நீருக்கு ஆர்.ஓ. பொருத்தமானதுதான். ஆனால் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவாக வெளியேறினால், குடிக்க மட்டும் 9 லிட்டர் எடுத்தாலும் நாளுக்கு 27 லிட்டர் போகும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அது சிறிய அளவல்ல. உப்பு குறைந்த காவிரி நீரை ஆர்.ஓ.வில் விடுவதோ வீண் வேலை. எங்கள் பகுதியில் பலர் இரண்டு நீரையும் ஒரே சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) கலந்துவிட்டு, பிறகு அதைச் சுத்திகரிக்கப் பணம் செலவழிக்கிறார்கள்.

(தண்ணீர் இல்லாத ஆறு உள்ள ஊர் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. ஆனாலும் எங்கள் கிணற்று நீரின் சுவை மாறவில்லை.)

கேனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூடியில் சீலும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம், வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் திருப்பி அனுப்பலாம். அதை மாடிக்குத் தூக்கிவர ஆள் இருக்கிறார்.

காவிரி நீருக்கு அப்படி ஆள் இல்லை. அழுத்தம் போதாமல் நீர் கீழ்க் குழாயோடு நின்றுவிடுவதால், 67 வயது அத்தை விடியற்காலையில் குடம் குடமாகப் பதினெட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தார். இலவசம் என்று நாங்கள் பூஜ்யம் எழுதிய இடத்தில் எழுதியிருக்கவேண்டியது அவருடைய முழங்கால் வலியை. மூன்றையும் அந்த ஒரு வரியோடு மீண்டும் பார்த்தபோது, காவிரி நீர்தான் சிறந்தது, ஆனால் அதைக் கொண்டுவரும் முறைதான் தவறு என்பது என் முடிவாயிற்று.

குடிநீர்க் குழாயிலேயே மோட்டார் பொருத்துவது சட்டப்படி குற்றம். ஆகவே கீழே ஒரு டிரம்மில் நீரைப் பிடித்து, அதிலிருந்து சிறிய மோட்டாரால் சமையலறை டிரம்முக்கு ஏற்றுகிறோம். பிளம்பர் கூலியோடு 6,500 ரூபாய் ஆயிற்று. குடிக்கும் நீரை நன்றாகக் கொதிக்கவைக்கிறோம். அது கிருமியைக் கொல்லும், உப்பைக் குறைக்காது, ஆனால் இந்த நீருக்கு அது தேவையுமில்லை. சிலிண்டர் சில நாள்கள் முன்னதாகத் தீர்கிறது. விருந்தினர் வந்தால் மட்டும் கேன்.

தண்ணீர் வரும் நாள்களில் நாலரை மணிக்கு எழுந்து குழாயைத் திறப்பது இப்போது என் கணவர். அவர் சரியாக மூடினாரா என்று பார்க்க அத்தை இன்னமும் கீழே இறங்கிப் போகிறார், வெறுங்கையோடு.