காது மெஷினோடு எட்டு வருடம்: பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அனுபவம்

2017-இல் ஒரு காலை, பாலர் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு நேரம். நான் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சிறுமி ‘படை’ என்று வாசித்தாள். “கடை இல்லம்மா, நல்லாப் பார்த்துப் படி” என்றேன். மறுபடியும் வாசித்தாள். மறுபடியும் திருத்தினேன். மூன்றாம் தடவை சத்தமே வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால், அவள் கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறது. பக்கத்தில் இருந்த பையன்தான் சொன்னான்: “டீச்சர், அவ சரியாத்தான் படிக்கிறா.”

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரை முதுகுக்குப் பின்னால் நிற்க வைத்து, கடை, படை, தடை, சடை, வடை என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னேன். பத்தில் ஐந்து தப்பு. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது ஒன்றே ஒன்றுதான் தப்பு. எத்தனை வருடமாக உதட்டைப் பார்த்தே ஒப்பேற்றி வந்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. அப்போது எனக்கு வயது 52.

என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டில் எல்லாரும் அவரிடம் கத்திப் பேசினோம். கத்துவதில் நமக்கே ஒரு சலிப்பு வரும், அது குரலில் தெரியும். போகப் போக அம்மா எதைக் கேட்டாலும் “ஆமா, ஆமா” என்று சிரிக்கப் பழகிவிட்டார். கடைசி சில வருடம் தொலைக்காட்சி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அந்த ‘ஆமா’ சிரிப்பு என் முகத்திலும் வர ஆரம்பித்திருந்ததை நான் கவனித்தேன். அதனால்தான் தள்ளிப்போடாமல் கிளம்பினேன்.

கிளம்பிய வழிதான் தப்பு. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, காது மூக்குத் தொண்டை நிபுணரைப் பார்க்க நாள் கொடுத்தார்கள். அதற்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. பொறுமை இல்லாமல் ஒரு பேரங்காடியில் இலவசப் பரிசோதனை என்று பலகை போட்டிருந்த கடைக்குப் போனேன். ஆள் நடமாட்டத்துக்கு நடுவில், திறந்த மேசையில், பத்து நிமிடச் சோதனை. காதுத் துளைக்குள் முழுதாக அடைத்துக்கொள்ளும் ஒரு சின்ன மெஷின், ஒரு காதுக்கு மட்டும், 2,900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). என் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போனது.

அதைப் போட்டால் என் குரல் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தது. நான் முறுக்குக் கடித்தால் தலையே அதிர்ந்தது. பிள்ளைகள் வந்து கட்டிப்பிடித்தால் ‘கீ’ என்று விசில் அடித்தது. கடைக்குத் திரும்பப் போனால், “பழகணும் ஆன்ட்டி” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் பழகிப் பார்த்துவிட்டு மைலோ டின்னுக்குள் போட்டேன். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது.

2018 நடுவில் மருத்துவமனை நாள் வந்தது. முதலில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, குறும்பி அடைத்திருக்கிறதா, செவிப்பறை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். குறும்பி மட்டும்தான் காரணம் என்றால் எடுத்துவிட்டாலே கேட்கும், மெஷினே வேண்டாம். அப்புறம் சத்தம் புகாத அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன், எவ்வளவு மெல்லிய ‘பீப்’ கேட்டாலும் அமுக்க வேண்டும். அடுத்து காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஒரு சின்ன அதிர்வுக் கட்டை வைத்து அதே சோதனை. ஹெட்போனில் மோசமாகவும் எலும்பில் நன்றாகவும் கேட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு இரண்டிலும் ஒரே மாதிரி. அப்படியென்றால் கோளாறு உள்காதில்.

ஆடியோலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துகிறவர், ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். சோதனை முடிவைக் கோடாகப் போட்ட ஆடியோகிராம் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். ஹெர்ட்ஸ் என்பது சுருதி; டெசிபல் என்பது எனக்குக் கேட்கத் தேவைப்பட்ட சத்தம், அது கூடக் கூடக் காது மோசம். 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல். 1,000-இல் 30. அங்கிருந்து கோடு மலையிறங்குகிறது: 2,000-இல் 50, 4,000-இல் 65. உள்காது நத்தைக் கூடு மாதிரி சுருண்டது. அதன் வாசல் பக்கம் இருக்கும், ஒலியை உணரும் முடியணுக்கள்தான் உச்ச சுருதியைப் பிடிப்பவை. அநேகமாக அவைதான் முதலில் தேய்கின்றன. தேய்ந்தவை மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. இதை அவர் நிதானமாகச் சொன்னார், நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் சொன்னார்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் ‘படை’யும் ‘கடை’யும் எனக்கு விளங்கியது. அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகளுக்குப் பலம் அதிகம், சுருதி கீழே. என் காதுக்கு அவை நன்றாகவே வந்தன. க, ச, த, ப என்று சொல்லுக்கு உருவம் கொடுக்கும் வல்லினம் எல்லாம் ஒரு நொடிகூட நிற்காத மெல்லிய ஒலி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம் அதிகமும் மேல் சுருதியில். அவை எனக்கு வந்து சேரவில்லை. அதனால்தான் ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல’ என்று நம் பெரியவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவரிடம் கத்தினால் ‘அ’தான் இன்னும் பெரிதாகும்; ‘ப’ அப்படியேதான் இருக்கும். அம்மாவிடம் நாங்கள் கத்தியதெல்லாம் வீண். முகத்துக்கு நேரே, கொஞ்சம் நிறுத்தி, சாதாரணக் குரலில் பேசியிருந்தால் அவருக்குப் பாதியாவது புரிந்திருக்கும்.

மைலோ டின் மெஷினையும் ஆடியோலஜிஸ்டிடம் காட்டினேன். கீழ் சுருதி நன்றாகக் கேட்கும் காதை முழுதாக அடைத்தால் சொந்தக் குரல் உள்ளேயே முட்டி நிற்கும், அதுதான் குடச் சத்தம் என்றார். அந்த மெஷின் வேறு யாருக்காவது பொருத்தமாக இருந்திருக்கலாம். என் ஆடியோகிராமுக்கு அது பொருந்தாது. பழகினால் சரியாகும் விஷயமே இல்லை அது.

2018 ஆகஸ்ட்டில் வாங்கிய ஜோடி 6,400 வெள்ளி. காதுக்குப் பின்னால் ஒரு சின்ன உடல், அதிலிருந்து மெல்லிய கம்பி, காதுத் துளைக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர், அதன் மேல் ஓட்டை போட்ட ரப்பர் தொப்பி. கீழ் சுருதி ஓட்டை வழியாக இயல்பாகவே வரும், மெஷின் மேல் சுருதியை மட்டும் கூட்டித் தரும். பொருத்தும்போது தலைமுடி மாதிரி மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் நிஜமாக எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளந்தார்கள். வாங்கப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: அந்த அளவை எடுப்பார்களா என்று கேளுங்கள். பொருத்துகிறவர் ஆடியோலஜிஸ்ட்தானா என்றும் கேளுங்கள். மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான மலேசியச் சட்டத்தில் (2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டம்) இடம்பெற்ற தொழில் அது. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

முதல் நாள் வீட்டுக்கு வந்து தாளிக்க நின்றேன். கடுகு வெடித்தது. ஒவ்வொரு கடுகும் தனித்தனியாக வெடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். ராத்திரி சுவரில் பல்லி கத்தியது. “ஏங்க, நம்ம வீட்ல பல்லி இருக்கா?” என்று கேட்டேன். “அது தினமும்தானே கத்துது” என்றார் அவர்.

எல்லாம் இனிமை என்று சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் பை சரசரப்பது பட்டாசு மாதிரி இருந்தது. பள்ளியில் நாற்காலி இழுத்தால் உடம்பு கூசியது. மதியமே தலை வலித்தது. வருடக்கணக்கில் வராத ஒலியை மூளை மறுபடியும் வரிசைப்படுத்த வேண்டும், அதற்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகும். அதனால் முதலில் கொஞ்சம் குறைத்து வைத்து, பிறகு படிப்படியாக ஏற்றினார்கள். நான் தினமும் போட்டேன், வீட்டில் சும்மா இருக்கும்போதும் போட்டேன். ஏழாவது வாரம் பை சரசரப்பு வெறும் பை சரசரப்பானது.

ஆடியோலஜிஸ்ட் கொடுத்த ஒரு வேலைதான் எனக்கு மிகவும் உதவியது. “கேட்கல, சரியில்லை என்று மட்டும் சொல்லாதீங்க புவான், எங்கே, யார், என்ன சொல், எழுதிக்கிட்டு வாங்க” என்றார். ஐந்து வெள்ளிக்கு ஒரு நோட்டு வாங்கினேன். அதிலிருந்து ஒரு பக்கம்: “மார்ச் 9, சனி. பசார். கீரைக்கார அக்கா சொன்ன ‘கட்டு’ என் காதில் ‘பட்டு’. மார்ச் 10. காரில் அவர் பேசியது பாதி புரியவில்லை. மார்ச் 12. ஏர்கோன் ஓடும் அறையில் கடைசி வரிசைப் பிள்ளைகள் பேச்சு மங்கல்.”

அந்தக் கார் வரியைப் படித்ததும் அவருக்குக் காரணம் பிடிபட்டது. சத்தமான இடத்தில் மெஷின் தானாகவே முன்பக்கம் மட்டும் கேட்கும்படி மைக்கைத் திருப்பிக்கொள்ளும். காரில் நான் இடப் பக்கம் உட்காருகிறேன், என் வீட்டுக்காரர் வலப் பக்கம் ஓட்டுகிறார். மெஷின் சாலையைக் கேட்டுக்கொண்டு அவரை ஒதுக்கிவிட்டது. காருக்கென்று தனி அமைப்பு போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து பட்டர்வொர்த் போய்வரும் வழியெல்லாம் பேச்சுதான். ஆறு தடவை போய் மாற்றியிருப்பேன். வாங்கிய பிறகு திரும்பிப் போகாதவர்கள்தான் ‘காது மெஷின் வேலைக்கு ஆகாது’ என்கிறார்கள் என்பது என் கருத்து. பல் செட்டுக்கு எத்தனை தடவை போகிறோம்?

பினாங்கில் இதற்கு முதல் எதிரி ஈரம். 2020 தைப்பூசம், பிப்ரவரி 8, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏறினேன். உறுமியும் தவிலும் அடித்த இடத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்தேன், அது பிரச்சினை இல்லை. வியர்வைதான். பாதிப் படியில் இடக் காதில் கரகர என்று வந்து, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஸ்பீக்கர் மாற்ற 350 வெள்ளி. அதற்குப் பிறகு தினமும் ராத்திரி துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். வாரம் ஒரு தடவை குறும்பி வடிகட்டியைப் பார்க்கிறேன். ‘மெஷின் செத்துப்போச்சு’ என்று தோன்றும்போது பாதி நேரம் அந்த ஊசி முனை அளவு வடிகட்டி அடைத்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு தடவை வீணாக அலைந்தேன்.

பேட்டரி பற்றிக் கொஞ்சம். முதல் ஜோடிக்கு 312 என்ற அளவு, பழுப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கரைப் பிய்த்தால் காற்று உள்ளே போய் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் போட்டால் நல்லது. திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. எனக்கு ஆறேழு நாள் வந்தது. 2024-இல் மாற்றிய இரண்டாவது ஜோடி சார்ஜ் போடுவது, 9,200 வெள்ளி. காலையிலிருந்து ராத்திரி வரை தாங்குகிறது. போன் பேச்சு நேராக இரண்டு காதுக்கும் வருவது பெரிய வரம்; வெளியூரில் இருக்கும் மகளோடு இப்போது ஒரு மணி நேரம் பேசுகிறேன். மின்சாரம் போனால்தான் பயம். பழைய ஜோடியைத் துணைக்கு வைத்திருக்கிறேன்.

இவ்வளவு செலவா என்று கேட்பீர்கள். சமூகநலத் துறையில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்தால், அடிப்படை உதவிக் கருவிக்கு 6,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு கேட்கலாம். காது மெஷின் அதில் சேரும், மூக்குக் கண்ணாடி சேராது. கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோருக்கு வாங்கினாலும் உண்டு. அந்த மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போக எனக்கு ஒரு வருடம் மனம் வரவில்லை. அந்த ஒரு வருடம் தேவையே இல்லாதது.

மெஷின் போடாவிட்டால் மறதி நோய் வரும் என்று பயமுறுத்தி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். காது மந்தத்துக்கும் மறதிக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் 2023-இல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வில், மூன்று வருடம் மெஷின் போட்டவர்களை மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களுக்குத்தான் நினைவுச் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பயந்து வாங்காதீர்கள். வீட்டில் பேசுவது காதில் விழ வேண்டும் என்று வாங்குங்கள், அந்தக் காரணமே போதும்.

இன்னும் சரியாகாதது கூட்டச் சத்தம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஆரம்பித்தால் பேச்சு போச்சு. நாசி கண்டார் கடைக்குப் போனால் பேசுகிறவரைச் சுவர் ஓரம் உட்கார வைத்து, கூட்டம் என் முதுகுப் பக்கம் வரும்படி நான் உட்காருகிறேன். முன்பக்க மைக்குக்கு அதுதான் தோது. ஓரளவு தேறும். 2020-இல் எல்லாரும் முகக் கவசம் போட்டபோது உதடும் போய், மேல் சுருதியும் மங்கி, நான் மறுபடியும் ‘ஆமா ஆமா’ என்று சிரித்த நாட்கள் உண்டு.

இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. போன வாரம் எழுதியது: “புதன். பிள்ளைகள் படுக்கும் நேரம். ஒருத்தி இன்னொருத்தி காதில் ரகசியம் சொல்கிறாள். ஸ், ஸ் என்று காற்றுச் சத்தம் எனக்குக் கேட்டது. சொல் புரியவில்லை. அடுத்த தடவை போகும்போது கேட்க வேண்டும்.”