வீட்டு மாடி அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாடு சென்றபோது: 7 ஆண்டு வரி அனுபவம்

கன்னியாகுமரிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே சுசீந்திரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வங்கிக் கடன் வாங்கி 2016-இல் வீட்டையும் மாடியில் குளியலறையுடன் இரண்டு அறைகளையும் கட்டி, மாடிக்கு வெளிப்புறமாகத் தனிப்படியும் வைத்தோம். 2018 ஜூலையில் நான் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அந்த அறைகள் ஏதோ ஒரு வகையில் வாடகைக்குத்தான் இருந்து வருகின்றன. இதற்கிடையில் வரிச் சட்டப்படி நான் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆகவும் இருந்திருக்கிறேன், உள்நாட்டில் வசிப்பவனாகவும் இருந்திருக்கிறேன். வீட்டின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வளைகுடாவுக்கோ பிள்ளைகளிடமோ போகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம் என்பதால், வரி தொடர்பாக நான் கண்டதை முழுமையாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

மஸ்கட்டில் இருந்த இரண்டு ஆண்டுகள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. ஓமனில் அப்போது தனிநபர் வருமான வரி இல்லாததால், ஊரில் வரும் சிறு வாடகைக்கும் வரிப் பேச்சு எழாது என்றே நினைத்திருந்தேன். ஆனால் வீடு எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாடு அதன் வாடகைக்கு வரி கேட்கலாம். உரிமையாளர் எங்கே வசிக்கிறார் என்பதால் அது மாறாது. 2019-இல் முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பணி செய்த ஒரு நிறுவனம் தன் பொறியாளர்களுக்காக இரண்டு அறைகளையும் சேர்த்து மாதம் 15,000 ரூபாய்க்கு எடுத்தது. முதல் மாதம் கணக்கில் வந்து விழுந்தது 10,320 ரூபாய். மீதி 4,680 எங்கே என்று கேட்டபோது, என்.ஆர்.ஐ. உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகையில் 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ் என்னும் கூடுதல் வரியும், அதாவது 31.2 சதவீதம், பிடித்தம் செய்தாக வேண்டும் என்று கணக்குப் பிரிவில் இருந்தவர் விளக்கினார். அவர் சொன்னது சரி. உள்நாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுக்கும் தனிநபர், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடிக்க வேண்டும், வாங்குபவர் என்.ஆர்.ஐ. என்றால் பழைய (1961-ஆம் ஆண்டு) வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவின்படி அப்படி ஒரு கீழ்வரம்பே கிடையாது.

அந்த ஆண்டுக் கணக்கை அப்படியே தருகிறேன். வாடகை 1,80,000 ரூபாய். வீட்டு வரி 3,000; மாடிப் பகுதி மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் அதில் 1,000 ரூபாயை மட்டும் கழிக்கலாம். மிச்சமுள்ள 1,79,000-இல் செலவுகளுக்கென்று சட்டம் தரும் நிலையான 30 சதவீதக் கழிவு 53,700 போக 1,25,300. கடன் வட்டி 90,000-இலும் மாடிக்குரிய மூன்றில் ஒரு பங்கான 30,000-ஐக் கழித்தால் நிற்பது 95,300 ரூபாய். வேறு பெரிய வருமானம் இந்தியாவில் இல்லாததால் 2,50,000 என்ற வரியில்லா அடிப்படை வரம்புக்குள் அடங்கி, நான் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. ஆனால் என்னிடம் பிடித்திருந்தது 56,160 ரூபாய். அதைத் திரும்பப் பெற ஐ.டி.ஆர்.-2 படிவத்தில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் காலாண்டு அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்ததால், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26 ஏ.எஸ்.-இல் பல மாதங்கள் அந்தத் தொகை ஏறவே இல்லை. மஸ்கட்டிலிருந்து ஒவ்வொரு வாரமும் அலைபேசியில் அழைத்துக் கேட்டுத்தான் முடித்தேன். 197-ஆம் பிரிவின் கீழ் படிவம் 13 மூலம் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கியிருந்தால் இவ்வளவு பணம் முடங்கியிருக்காது.

எனக்கு மிகவும் உறுத்திய செய்தி வேறு. அந்த நிறுவனத்துக்கு முன்பு, மாதம் 6,000 ரூபாய்க்கு ஓர் அறையில் இருந்த இளைஞர் எந்தப் பிடித்தமும் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிடிக்காமல் விட்டதற்கான வட்டியும் பொறுப்பும் சட்டப்படி வாடகை கொடுத்தவர் தலையில்தான் முதலில் விழும் என்று பின்னால் அறிந்தபோது மிகவும் வருந்தினேன். வீட்டுக்காரர் வேலைக்காக வெளிநாடு போகிறார் என்றால், அதைக் குடியிருப்பவரிடம் எழுத்தில் சொல்வது அவருடைய கடமை என்றே இப்போது கருதுகிறேன். ஒப்பந்தம் எழுதி வாடகை ஆணையத்தில் பதிவு செய்வதைத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால், அந்த ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு வரி சேர்த்துவிடலாம். சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (என்.ஆர்.ஐ.யின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) மாற்றுவதையும் புறப்படும்போதே செய்துவிட வேண்டும். நான் ஓராண்டு தாமதித்தேன்.

செலவுக் கணக்கிலும் ஓர் ஏமாற்றம் இருந்தது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. 2019 ஐப்பசியில் மாடித் தளம் கசிய, என் மச்சினன் நின்று வேலையை முடித்துவிட்டு, "அத்தான், 85,000 ஆச்சு, பில்லெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்" என்றான். பில்கள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன, ஆனால் அவற்றால் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வீட்டுச் சொத்து வருமானத்தில் பழுதுபார்ப்புக்கென்று தனிக் கழிவு கிடையாது; அந்த 30 சதவீதத்துக்குள் எல்லாம் அடக்கம். ஒன்றுமே செலவழிக்காத ஆண்டிலும் அதே 30 சதவீதம் கிடைக்கிறது என்பதால் இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

2020 ஆகஸ்டில் ஊர் திரும்பினேன். 2022-இல் ஐயப்ப பக்தர்களும் சுற்றுலாப் பயணிகளும் வரும் சீசனில், கார்த்திகையிலிருந்து தை வரை, முன்பதிவுச் செயலி ஒன்றின் வழியாக அறைகளை நாள் வாடகைக்கு விட்டுப் பார்த்தோம். மார்கழித் தேரோட்டத்தின்போது இரண்டு அறையும் நிறைந்திருந்தன. என் மனைவி காலையில் புட்டும் கடலையும் செய்து கொடுத்தார். உணவும் துப்புரவும் சேர்ந்தவுடன் அது வெறும் வாடகையாக இல்லாமல் தொழில் வருமானமாகிறது. 30 சதவீதக் கழிவும் போய்விடுகிறது. ஆடிட்டர் அதை 44 ஏ.டி. பிரிவின்படி உத்தேச வருமானமாக, அதாவது வரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாகக் கொண்டு, காட்டினார். அந்தச் சலுகை உள்நாட்டில் வசிப்பவருக்கு மட்டுமே உண்டு. மஸ்கட்டில் இருந்தபடி இதைச் செய்திருந்தால் கிடைத்திருக்காது. நாங்கள் ஜி.எஸ்.டி. பதிவு வரம்பான 20 லட்சத்துக்கு வெகு கீழே இருந்ததால், அந்த வரியைச் செயலி நிறுவனமே வசூலித்துக் கட்டியது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சி படிவம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் ஆள் இல்லாமல் இதை நடத்த முடியாது என்று தெரிந்ததும், அடுத்த பயணத்துக்கு முன் நிறுத்திவிட்டோம். உணவு எதுவும் கொடுக்காமல் வீட்டை மட்டும் வாடகைக்கு விட்டு, அதைத் தொழில் வருமானமாகக் காட்டும் வழக்கத்தை 2024-ஆம் ஆண்டு நிதிச் சட்டத் திருத்தம் தடுத்துவிட்டது.

மகளைப் பார்க்க 2023 மே 10 அன்று மெல்போர்னுக்குப் புறப்பட்டு, 2024 ஜனவரி 15 அன்று திரும்பினோம். அந்த நிதியாண்டில் நான் இந்தியாவில் இருந்தது 117 நாட்கள்தான். 182 நாளுக்குக் குறைந்துவிட்டதால் நான் என்.ஆர்.ஐ. என்று உறவினர் பலரும் சொன்னார்கள்; அப்போது மாடியில் குடியிருந்த வங்கி ஊழியரும் வாடகையில் வரி பிடிக்கட்டுமா என்று நேர்மையாகக் கேட்டார். உண்மையில் அந்த 182 நாள் சலுகை வேலைக்காக நாட்டை விட்டுப் போகிறவருக்கும், வெளிநாட்டில் வசித்துக்கொண்டு ஊருக்கு வந்து போகிறவருக்கும் உரியது. மகள் வீட்டுக்குப் போய் வருகிறவருக்குப் பழைய 60 நாள் விதிதான்: அந்த ஆண்டில் 60 நாளும், முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்திருந்தால் அவர் உள்நாட்டில் வசிப்பவரே. ஆகவே அந்த வங்கி ஊழியர் எதுவும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இது எனக்கு நன்மையாகவே முடிந்தது. வைப்பு வட்டியும் வாடகையும் சேர்த்து அந்த ஆண்டு என் மொத்த வருமானம் 5,10,000 ரூபாய். புதிய வரி முறையில் 7 லட்சம் வரை கிடைத்த 87 ஏ தள்ளுபடியால் வரி ஏதும் வரவில்லை. என்.ஆர்.ஐ.க்கு அந்தத் தள்ளுபடி இல்லை. இதே வருமானத்துக்கு 10,920 ரூபாய் கட்டியிருப்பேன். நாங்கள் குடியிருக்கும் கீழ்ப்பகுதிக்கான கடன் வட்டியைப் புதிய முறையில் கழிக்க முடியாது என்பது மட்டுமே இழப்பு; மாடிக்குரிய பங்குக்கு அந்தத் தடை இல்லை.

2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், 30 சதவீதக் கழிவு தொடர்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் ஒவ்வொரு தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். மகளிடம் மறுபடியும் போகும்போது, போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் மாடியில் இருப்பவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்படுவேன்.