கழிவுநீர் ஹோஸ்: பம்பருக்குள்ளா, பிவிசி பைப்பிலா?

வேலூர் பக்கம் கேரவன் கட்டுகிறவர்கள், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் ஹோஸை எங்கே வைப்பது என்பதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அமெரிக்க டிரெய்லர்கள் பலவற்றில் பின்பக்க பம்பரே 4 அங்குலச் சதுர இரும்புக் குழாய், ஹோஸ் அதற்குள்ளேயே போய்விடும். செலவில்லை, சரி. ஆனால் 3 அங்குல ஹோஸ் நுழைந்தாலும் அதன் முனையிலுள்ள கொக்கி வளையம் பெரும்பாலும் இடிக்கும், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். ஈரத்தோடு உள்ளே தள்ளினால் இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே தெரியவே தெரியாது.

எனக்குப் பிடித்தது சேஸிஸுக்கு அடியில் 160 மி.மீ. பிவிசி பைப்பைப் பட்டைக் கிளாம்ப் போட்டு மாட்டுவதுதான், இங்கே எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் கிடைக்கும், வளையத்தோடு ஹோஸ் அப்படியே உள்ளே போகும், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற நம்ம ஊர் வெயிலும் நேராகப் படாது. ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திருகு மூடி, அடியில் நீர் வடிய நாலு துளை, அந்தத் துளைக்கு உள்பக்கமாகக் கொசுவலைத் துண்டு. கிளாம்பை மட்டும் நெருக்கமாகப் போடுங்கள், ஏலகிரி வளைவுகளில் ஏறும்போது பைப் ஆடக் கூடாது. குடிநீர் ஹோஸை இதே பைப்பில் வைக்கவே வைக்காதீர்கள்.