சிமுலேஷன் ஆய்வுகளைத் திரட்டும் வழி: தரவுத்தளத் தேடலா, மேற்கோள் தொடர்தலா?

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைக் கணினியில் உருவகப்படுத்தி, அதாவது சிமுலேஷன் செய்து, ஆராய்வதே என் பகுதிநேர முதுகலைப் படிப்புக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. எந்த நுட்பத்தைக் கொண்டு யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியாமல் மாதிரி கட்ட உட்காருவது வீண்வேலை என்பதால், சிங்கப்பூரின் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் பல சனிக்கிழமைகளைக் கட்டுரை திரட்டுவதிலேயே கழித்தேன். தரவுத்தளத்தில் குறிச்சொற்களை இட்டுத் தேடுவது ஒரு வழி. கையிலுள்ள நல்ல கட்டுரைகளின் மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு போவது இன்னொரு வழி. இரண்டையும் முழுமையாகச் செய்து பார்த்தபின் எழுதும் ஒப்பீடு இது.

முதல் வழிக்கு மதிப்பு அதிகம். மருத்துவத் துறையில் வளர்ந்த முறைசார் ஆய்வு மீள்பார்வையை (முன்னைய ஆய்வுகளைத் திட்டமிட்டுத் தேடித் திரட்டி மதிப்பிடும் முறை), பார்பரா கிச்சன்ஹாம் 2004ஆம் ஆண்டில் மென்பொருள் பொறியியலுக்கு ஏற்ப வகுத்துக் கொடுத்தார். கேள்வியையும் குறிச்சொற்களையும் ஏற்கும், விலக்கும் விதிகளையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவதால், வேறொருவர் அதே தேடலைத் திரும்பச் செய்து சரிபார்க்க முடிகிறது. ஆய்வாளருக்குப் பிடித்தவை மட்டும் உள்ளே வந்துவிடாமல் தடுக்கும் இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் சிமுலேஷன் துறையில் சொற்களே காலை வாரிவிடுகின்றன. ‘சிமுலேஷன்’, ‘மருத்துவமனை’ என்ற இரண்டையும் சேர்த்து நான் தேடியபோது, முதல் பக்கத்தில் பெரும்பாலும் வந்தவை செவிலியர்கள் பொம்மை உடலை வைத்துப் பயிற்சி பெறுவது பற்றிய கட்டுரைகள். மருத்துவக் கல்வியில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். ‘ஏஜென்ட்’ என்று இட்டால் மருந்துப் பொருள்களும் வந்து சேருகின்றன. இதற்கு நேர்மாறான சிக்கல் இன்னும் கடுமையானது: தனித்தனி ஆள்களின் அல்லது உயிர்களின் நடத்தையை வைத்து முழு அமைப்பையும் உருவகப்படுத்தும் மாதிரியைச் சமூக அறிவியலார் ‘ஏஜென்ட் பேஸ்டு மாடல்’ என்பார்கள்; அதையே சூழலியலார் நெடுங்காலமாக ‘இண்டிவிஜுவல் பேஸ்டு மாடல்’ என்றே எழுதிவந்தார்கள். 2006இல் வோல்கர் கிரிம்மும் அவருடைய குழுவினரும் இத்தகைய மாதிரிகளை விவரிப்பதற்கென வெளியிட்ட ஓடிடி (ODD) நெறிமுறையின் தலைப்பிலேயே இரண்டு பெயர்களும் இடம்பெற்றிருக்கின்றன. பழைய கட்டுரைகளிலோ நுட்பத்தின் பெயருக்குப் பதிலாகக் கணினி மொழியின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் ஜெஃப்ரி கார்டன் 1961இல் உருவாக்கிய ஜிபிஎஸ்எஸ் என்ற சிமுலேஷன் மொழியின் பெயரைத் தலைப்பில் தாங்கிய கட்டுரையை, ‘டிஸ்கிரீட் ஈவென்ட்’ (நிகழ்வு நிகழ்வாக நகரும் சிமுலேஷன்) என்று தேடுபவர் தவறவிட்டுவிடக்கூடும்.

மேற்கோள் தொடர்தலுக்கு இந்தச் சொல் சிக்கல் இல்லை. கட்டுரையின் இறுதியிலுள்ள பட்டியலைப் பார்த்துப் பின்னோக்கியும், அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து முன்னோக்கியும் நகரும் இம்முறைக்குக் கிளாஸ் வோலின் 2014இல் தெளிவான வழிகாட்டுதல் எழுதினார். இதன் வலிமைக்கு டிரிஷா கிரீன்ஹால்ஷும் ரிச்சர்ட் பீகாக்கும் 2005இல் வெளியிட்ட கணக்கு நல்ல சான்று. சுகாதாரச் சேவைகளில் புதுமைகள் பரவும் விதம் பற்றிய அவர்களது பெரிய மீள்பார்வையில், முன்கூட்டி வகுத்த தேடல் வழியாகக் கிடைத்தவை 30 விழுக்காடு மட்டுமே. மேற்கோள் முதலியவற்றைத் தொடர்ந்துபோய்க் கிடைத்தவை 51 விழுக்காடு. பல துறைகளில் சிதறிக் கிடக்கும் பொருளை அவர்கள் தேடினார்கள். சிமுலேஷனும் அப்படித்தான் சிதறிக் கிடக்கிறது.

இருந்தும் இம்முறை என்னை ஒருமுறை ஏமாற்றியது. ஐந்து கட்டுரைகளில் தொடங்கி மூன்று சுற்றுகள் முடித்த பிறகும் என் எக்செல் பட்டியல் நெடுக அவசரசிகிச்சைப் பிரிவுகளே நிறைந்திருந்தன. தொடங்கிய ஐந்தும் அவற்றைப் பற்றியவை என்பதை நான் கவனிக்கவில்லை. முன்பதிவு செய்துகொண்டு வருபவர்களின் வரிசையை ஆராயும் மரபு தனியாக வளர்ந்திருக்கிறது. நார்மன் பெய்லி புறநோயாளிப் பிரிவுகளின் முன்பதிவு முறை பற்றி 1952இலேயே எழுதியிருக்கிறார். ‘அப்பாயின்ட்மென்ட் ஷெட்யூலிங்’ என்று தரவுத்தளத்தில் தேடிய பிறகுதான் அந்தக் குடும்பமே என் கண்ணில் பட்டது. ஒருவரையொருவர் மேற்கோள் காட்டாத இரு கூட்டத்தாருக்கு இடையே மேற்கோளைப் பிடித்துக்கொண்டு கடக்க வழியில்லை. இன்னும் எவரும் மேற்கோள் காட்டாத புத்தம்புதுக் கட்டுரைகளும் இதில் தப்பிவிடும்.

மாநாட்டுத் தொகுப்புகளை ஆண்டுவாரியாகப் புரட்டுவது மூன்றாவது வழி. 1967இல் ஜிபிஎஸ்எஸ் பயனர்களின் கூட்டமாகத் தொடங்கி, 2022 டிசம்பரில் சிங்கப்பூரிலும் நடந்த விண்டர் சிமுலேஷன் மாநாட்டின் தொகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனாலே துறையின் சொல்வழக்கு பிடிபட்டுவிடும். முழு மீள்பார்வைக்கு இது போதாது.

“அக்கா, நேரே தரவுத்தளத்திலேயே தேடிவிடலாமா?” என்று இவ்வாண்டு சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார். மேற்பார்வையாளர் முறைசார் மீள்பார்வையே வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் ஒழிய, முதலில் மேற்கோளைத் தொடருங்கள் என்றேன். வெவ்வேறு துறைகளிலிருந்தும் வெவ்வேறு பத்தாண்டுகளிலிருந்தும் எடுத்த ஆறேழு கட்டுரைகளில் தொடங்கி, அவற்றில் தட்டுப்படும் எல்லாப் பெயர்களையும் குறித்துக்கொண்டு, அந்தப் பெயர்களை வைத்துத் தரவுத்தளத்தில் தேட வேண்டும். ஒவ்வொரு கட்டுரையும் எந்த வழியாக வந்தது என்று எழுத, எக்செல் பட்டியலில் ஒரு நெடுவரிசையை முதல் நாளே ஒதுக்கிவிடச் சொன்னேன். நான் அதைப் பாதியில்தான் தொடங்கினேன். விட்டுப்போனதை நிரப்ப எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன.