ராப், ஓவன், ஹட்டரைட்: எந்தக் கூட்டுவாழ்வு நிலைத்தது?

அமெரிக்காவின் இண்டியானாவில், வாபாஷ் ஆற்றங்கரையில், ஜெர்மானியப் போதகர் ஜார்ஜ் ராப்பின் அடியார்கள் 1814இல் காட்டைத் திருத்தி ஓர் ஊரைக் கட்டினார்கள். பத்தாண்டுகளில் செழித்த அந்த ஊரை 1825இல் பிரிட்டனின் ஆலை முதலாளியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் விலைக்கு வாங்கினார். அதே வீடுகள், அதே வயல்கள். மதம் வேண்டாம், பகுத்தறிவும் சமத்துவமும் போதும் என்று நம்பி, வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார். சட்டதிட்டங்களைப் பலமுறை மாற்றி எழுதியும் 1827இல் கூட்டம் கலைந்துவிட்டது. பென்சில்வேனியாவுக்குத் திரும்பிய ராப்பின் சபையோ 1905 வரை இருந்தது.

ஓவன்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவருடைய ஊரில் சேர்வதற்கு எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. ராப்பிடம் சேர்ந்தவர்கள் சொத்தைக் கொடுத்தார்கள். 1807 முதல் இல்லற உறவையும் துறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் 83 அமெரிக்கக் கூட்டுக்குடியிருப்புகளை ஆராய்ந்த ரிச்சர்ட் சோசிஸும் எரிக் பிரெஸ்லரும், கடுமையான கட்டுப்பாடுகள் மிகுந்த மதக்குழுக்கள் நெடுங்காலம் நிலைத்ததைக் கண்டார்கள். மதம் சாராத குழுக்களில் கட்டுப்பாடுகளால் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆனால் நீடிப்பது வேறு, பெருகுவது வேறு. பண்பாட்டுக் குழுத் தேர்வு என்ற கோட்பாட்டின்படி, தன் வழக்கங்களை அடுத்த குழுவுக்குக் கடத்தும் குழுவே வெல்கிறது. துறவு பூண்ட ராப்பினருக்குக் கடத்த வாரிசு இல்லை. 1528இல் மொராவியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) பொதுவுடைமையாகத் தொடங்கிய கிறித்தவப் பிரிவினரான ஹட்டரைட்டுகளோ 1870களில் அமெரிக்காவின் டகோட்டாவில் மூன்று குடியிருப்புகளாக, சுமார் 400 பேராக இருந்தவர்கள். இன்று கனடாவையும் சேர்த்து 40,000க்கும் மேல்.

அவர்கள் பிரியும் முறைதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. ஒரு குடியிருப்பு 150 பேரை நெருங்கியதும் வேறிடத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, ஆட்களை இரண்டு பட்டியலாகப் பிரிப்பார்கள். மரபான முறையில், இரு பட்டியலில் உள்ளவர்களும் மூட்டை கட்டிக் காத்திருக்க, எந்தப் பட்டியல் புறப்படுவது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். தன் பட்டியல் போகுமா, தங்குமா என்று யாருக்கும் தெரியாததால் பட்டியலில் வஞ்சகம் செய்ய வழியில்லை. இயற்கைத் தேர்வு தனி உயிர்களுக்கிடையே மட்டுமல்ல, குழுக்களுக்கிடையேயும் நடக்கிறது என்ற குழுத் தேர்வுக் கருத்துக்கு, உயிரியலாளர் டேவிட் ஸ்லோன் வில்சனும் தத்துவவாதி எலியட் சோபரும் 1994இல் காட்டிய சான்று இவர்கள்தான்.

மறுப்பவர்களின் வாதமும் வலுவானதே. ஒரு தாய்க்குச் சராசரியாகப் பத்துப் பிள்ளைகள் பிறந்த சமூகம் அது. தனிக் குடும்பங்களின் பெருக்கமே போதாதா, குழுவை ஏன் இழுக்க வேண்டும் என்கிறார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் சோறும் நிலமும் கொடுத்தது பொதுக்களஞ்சியம்தானே என்பது என் பதில். வெளியேறுபவர் தன் பங்கு என்று எதையும் கேட்க முடியாது என்ற கொடுமையும் அதே களஞ்சியத்தின் மறுபக்கம். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

டகோட்டாவில் ஹட்டரைட்டுகள் பணமின்றித் திணறியபோது கடன் கொடுத்தவர்கள், முதுமையில் ஆள் குறைந்துகொண்டிருந்த ராப்பின் சபையினர்தான்.