காலிகா மின்னூலகம்: டூர் டி பிரான்ஸை அன்றைய நாளிதழிலேயே படிக்க

சாலை மிதிவண்டிப் பந்தயங்களின் வரலாற்றைப் பிறர் சுருக்கித் தந்ததையே படித்துச் சலித்தவர்கள், பிரான்ஸ் தேசிய நூலகம் நடத்தும் காலிகா மின்னூலகத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். 1903இல் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தைத் தொடங்கிய 'லோத்தோ' நாளிதழின் பழைய இதழ்களை அங்கே கட்டணமின்றிப் படிக்க முடிகிறது. ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் நாட்காட்டி விரியும். தேதியைத் தொட்டால் அன்றைய இதழ் திறக்கும்.

இதன் பெரும்பயன், முடிவு தெரியாத நிலையில் பந்தயத்தைத் தொடர முடிவதுதான். 60 பேர் புறப்பட்டு 21 பேர் மட்டுமே முடித்த முதல் பந்தயத்தின் வெற்றியாளர் மோரிஸ் காரன். 1904 ஜூலை இதழ்களிலும் அவரே மீண்டும் வென்றவர். ஆனால், முறைகேடுகளுக்காக அவர் தகுதி நீக்கப்பட்டு, பந்தயத்தின்போது இருபது வயதுகூட நிரம்பாதிருந்த ஆன்ரி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டது அந்த ஆண்டின் இறுதியில்தான். இன்றைய பட்டியல்களில் ஒற்றை வரியாக நிற்கும் இம்மாற்றத்துக்கு இடையே எத்தனை மாதங்கள் கடந்தன என்பது தேதிவாரியாகப் படிக்கும்போதுதான் உறைக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது: பந்தயத்தை நடத்தியவர்களே அதன் செய்தியையும் எழுதினார்கள். 'லோத்தோ'வின் ஆசிரியர் ஆன்ரி தெகிரான்ஜ்தான் பந்தயத்தின் தலைவரும். வீரர்களின் வேதனையை வீரமாக்கிக் காட்டுவதில் அவருடைய பத்திரிகைக்கு ஆதாயம் இருந்தது. ஆகவே, இதே மின்னூலகத்தில் உள்ள பிற நாளிதழ்களையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே முறை. 1924இல், குளிருக்காக அணிந்த கூடுதல் சட்டையை வழியில் கழற்றிப் போடக் கூடாதென்ற விதியால் எழுந்த தகராறில் பந்தய வீரர் ஆன்ரி பெலிசியே பந்தயத்தை விட்டு விலக, அவருடைய தம்பி பிரான்சிஸும் உடன் விலகினார். கூத்தான்ஸ் நகரில் அவர்களைச் சந்தித்த பத்திரிகையாளர் அல்பேர் லோந்திர், அவர்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய கொக்கைன், குளோரோஃபார்ம், மாத்திரைகள் ஆகியவற்றைப் பற்றி 'லெ பெட்டி பாரிசியன்' நாளிதழில் எழுதினார். நடத்துபவரின் பத்திரிகையில் இதை எதிர்பார்க்க முடியுமா?

பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு இச்சேவை கடினம்தான். நெருக்கமான பத்திகளில் அச்சான பழைய எழுத்துகளை இயந்திரம் பிழையாகப் படிக்கக்கூடும் என்பதால், பெயரைத் தட்டித் தேடுவதைவிடத் தேதியைக் கொண்டு தேடுவதே நல்லது. மேலும், 'லோத்தோ' 1944இல் நின்றுவிட்டதால், இத்தாலிய வீரர் கோப்பி 1949இலும் 1952இலும் பெற்ற டூர் வெற்றிகளையோ பெல்ஜிய வீரர் மெர்க்ஸின் காலத்தையோ நாடுபவர்கள் வேறு தொகுப்புகளைத்தான் பார்க்க வேண்டும்.